கிழமைக்கு மூன்று நாள்

கிழமைக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்ற அறிவித்தல் வந்தபோது, எங்கள் குழுவில் சந்தோஷப்பட்டவள் அநேகமாக நான் ஒருத்திதான். அதை வெளியே காட்டவில்லை. கணினித் திரையில் மற்றவர்களின் முகங்கள் சுருங்குவதைப் பார்த்து நானும் கொஞ்சம் சுருக்கி வைத்துக்கொண்டேன்.

லண்டனில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எனக்கு வேலை. பொதுமக்கள் அனுப்பும் முறைப்பாடுகளைப் படித்துப் பதில் எழுதும் சிறிய குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு. கொரோனா வந்தபோது எல்லோரையும்போல எங்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவரை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அவர் பஸ் ஓட்டுநர், அதுவும் இரவு ஷிப்ட். விடிந்த பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நான் மடிக்கணினியைத் திறக்கிற நேரமும் அவர் கண்ணை மூடுகிற நேரமும் ஒன்று.

மனோர் பார்க்கில் எங்கள் வீடு ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. மேல்மாடியில் எங்கள் படுக்கையறைக்கும் நான் வேலை செய்த பொக்ஸ் ரூம் என்ற சின்ன அறைக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்குத்தான். நான் தும்மினால் அவர் புரண்டு படுப்பது கேட்கும். அதனால் சில வருடங்கள் நான் அரசாங்க வேலையைக் குசுகுசுத்தே செய்தேன். கூட்டங்களில் என் மேலதிகாரி, "உங்கள் மைக்கில் ஏதோ கோளாறு" என்பார். முக்கியமான அழைப்பு என்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வான்ஸ்டெட் புல்வெளிக்குப் போய், நாய்களோடு நடப்பவர்களுக்கு நடுவில் நடந்தபடியே பேசுவேன். மழை வந்தால் மரத்தடி. வீட்டுக்குத் திரும்பினால் ஓரிடத்தில் இருக்க முடியாது. குசினிக்குப் போவேன், தேத்தண்ணி போடுவேன், குடிக்காமல் மேலே போவேன், மறுபடி இறங்குவேன். கால்கள் எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். என்ன என்று எனக்குத் தெரியாது.

ஆகவே போகச் சொன்ன முதல் நாளே போனேன். ஒயிட்சாப்பலில் ரயில் மாறும்போது கூட்டம் நெருக்கியதுகூட நன்றாக இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால், என் பழைய மேசை இல்லை. யாருக்கும் சொந்த மேசை இல்லை. முன்கூட்டியே பதிந்து வைக்கவேண்டும். நான் பதிந்த மேசையில் வேறொருவர் இருந்தார். அவருடைய மேசையில் இன்னொருவராம். எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு ஊர்களில் இருப்பவர்களோடு திரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி மாடியாக இடம் தேடினேன். வீட்டில் நடந்த அதே நடை. தளம்தான் பெரிது.

என் குழுவில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். திருச்சிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். முறைப்பாடு எழுதியவரின் கோபத்துக்குப் பின்னால் என்ன பயம் இருக்கிறது என்று பிடித்து, அதற்குப் பதில் எழுதுவாள். வீட்டிலிருந்து வேலை இனி நிரந்தரம் என்று மேலிடம் சொன்ன காலத்தில், அதை நம்பி, கணவனோடும் மகளோடும் லண்டனை விட்டு கெட்டரிங் பக்கம் போய் ஒரு வீடு வாங்கிவிட்டாள். இப்போது அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வரவேண்டும்.

தொடக்கத்தில் மூன்று நாளும் வந்தாள். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் எங்கள் இருவருக்கும் மேசை கிடைக்காமல், கன்டீனில் ஜன்னலோரமாகக் கணினிகளை வைத்துக்கொண்டு இருந்தோம். அவள் திரையைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன, ரயிலுக்குப் பிந்துதோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இப்ப ஸ்கூல் விடுற நேரம்."

"ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"பிள்ளை பாத்துக்கிற ஒரு அம்மா. வெள்ளக்காரங்க. ரொம்ப நல்லவங்க." கைப்பேசியை மறுபடி பார்த்துக் கவிழ்த்தாள். பிறகு, "அக்கா, என் பொண்ணு வெளிய யார்கிட்டயும் பேச மாட்டா. தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஒன்றாக வேலை செய்தும், அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையின் ஓரத்தில் எப்போதாவது தெரிந்த ஒரு ரெட்டைப் பின்னல் மட்டும்.

"வெட்கமா?"

"வெட்கம் இல்லக்கா. டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம். அதுக்கு ஒரு பேர் இருக்கு. பயம் மாதிரி. ஸ்கூல்ல ஒரு வார்த்தை வராது. டாய்லெட் போகணும்னாகூடக் கேக்க மாட்டா. ஆனா நான் கூட்டிட்டு வர்ற நாள்ல, கார் கதவு சாத்தினதும் ஆரம்பிப்பா பாருங்க, அன்னிக்கு நடந்தது அத்தனையும் கொட்டிடுவா. வீடு வந்து சேர்ந்தும் கார்லயே உக்காந்திருப்போம்."

"நீர் இஞ்ச வாற நாளில?"

"அந்தம்மா வீட்ல சுவத்தப் பாத்து உக்காந்திருப்பாளாம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள தூங்கிடுறா. அப்ப அன்னிக்குப் பேச்சே இல்லக்கா. இப்ப நான் இருக்கிற நாள்லயும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. அதான் வர முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளுடைய கணவனுக்கு வேலை பண்டகசாலையில். ஷிப்ட் கிழமைக்குக் கிழமை மாறும். அதையும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. எழும்பிப் போய் இரண்டு கோப்பி வாங்கி வந்தது நினைவிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் இருக்க ஏலாமல் இருந்தது.

அடுத்த மாதம் என் மேலதிகாரி என்னைத் தனியே அழைத்தார். நல்ல மனுஷி; ஆங்கிலேயப் பெண்; என் மாமியார் இறந்தபோது வீட்டுக்கு வந்து எங்களோடு நிலத்தில் இருந்தவர். கட்டடத்துக்குள் நுழையும்போது காட்டும் அட்டையை வைத்து யார் எத்தனை நாள் வருகிறார்கள் என்று இப்போது மேலே பார்க்கிறார்களாம். என் குழுவில் ஒருவர் வருவது போதாதாம். முறைப்படி நடவடிக்கை தொடங்கவேண்டுமாம், அதை நான்தான் தொடங்கவேண்டுமாம்.

நான் பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவர் கண்களைத் தாழ்த்திக் கேட்டார். பிறகு, நோய் ஊழியருக்கு என்றால் சலுகை கேட்கலாம், பிள்ளைக்கு என்றால் விதி அவ்வளவு தெளிவாக இல்லை என்றார். இவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் ஒவ்வொரு காரணத்தோடு வருவார்கள் என்றார்.

"எல்லோருக்கும் காரணம் இருக்கும்தானே" என்றேன்.

"எனக்கும் மேலே ஆள் இருக்கிறார்" என்றார் அவர்.

அன்று வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் வேலைக்குப் புறப்பட ஆயத்தமாக, சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கட சனத்துக்கு வீட்டில இருந்து வேலை செய்யிறது உரிமையாப் போச்சு" என்றார். "நாங்கள் கொரோனாவுக்குள்ளயும் பஸ் ஓடினனாங்கள். எங்கட கராஜில ரெண்டு பேர் போய்ச் சேந்திட்டினம். அப்ப ஒருத்தரும் எங்களை வீட்டில இருங்கோ எண்டு சொல்லேல்லை."

அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். செத்த வீட்டைத் திரையில்தான் பார்த்தோம். 

"அது சரி. அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யிறது, சொல்லுங்கோ" என்றேன்.

"பஸ்ஸை வீட்டில வச்சு ஓட ஏலாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அடுத்த நாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில தண்ணி விடாய்ச்சாலும் கேக்காதோ?"

"கேக்காதாம்."

"கடவுளே" என்றுவிட்டு மேலே படுக்கப் போனார்.

நான் நடவடிக்கை தொடங்கவில்லை. மறுக்கவும் இல்லை. தள்ளிப்போட்டேன். அந்தக் கிழமைகளில் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ரயிலில் இருக்க இடம் கிடைத்தாலும் கதவருகில் நின்றேன். ஒரு நாள் ஒயிட்சாப்பலில் இறங்கி, மாற வேண்டிய ரயிலை விட்டுவிட்டு, சந்தைக் கடைகளைச் சுற்றிவிட்டுப் பிந்திப் போனேன். எதுவும் வாங்கவில்லை.

பிறகு திணைக்களத்தின் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் தளத்துக்கு வந்தார். ஊழியர்களின் மனதை அறியத்தானாம். நாங்கள் ஜன்னல் பக்கமாகக் கூடி நின்றோம். அன்று அவளும் வந்திருந்தாள். எல்லோரும் ஒன்றாக இருக்கும்போதுதான் நல்ல யோசனைகள் பிறக்கின்றன என்று அவர் பேசினார். தொழிற்சங்கக்காரர் ஒருவர் மேசைகள் போதாது என்றார். கொஞ்சம் சிரிப்பு. வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

நான் பேசுவதாக இருக்கவில்லை. ஆனால் என் குரல் எனக்கே கேட்டது. நினைத்ததைவிடச் சத்தமாக.

"நான் இங்கே வருவதை விரும்புகிறவள்" என்றேன். "வீட்டில் எனக்கு வேலை செய்ய முடியாது. யாரும் சொல்லாவிட்டாலும் வருவேன். ஆனால் எனக்குச் சரி என்பதற்காக எல்லோருக்கும் சரி என்று நான் எப்படிச் சொல்வது? என் குழுவில் மிக நன்றாக வேலை செய்கிற ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பிள்ளைக்கு அவர் தேவை. நான் அதை எடுக்கப்போவதில்லை. எடுக்கவேண்டுமென்றால் என்மேல் எடுங்கள்."

சில தலைகள் பின்னால் திரும்பின. பெரிய அதிகாரி நன்றி சொன்னார். தனிப்பட்ட விடயங்களை இங்கே பேசமுடியாது, ஆனால் கவனிப்பதாகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. யாரோ என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.  பல காலத்துக்குப் பிறகு ஒரு காரியம் செய்தது போல எனக்கு இருந்தது.

அந்த நிறைவு லிப்ட் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. அவள் என் பின்னாலேயே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"உமக்காகத்தானே..."

"தெரியுது. ஆனா எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க. உங்களுக்குக் கீழ குழந்தை இருக்கிறவ நான் ஒருத்திதான். அவளைப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். இப்ப இந்தத் தளத்துக்கே தெரியும்."

நான் பெயர் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. லிப்ட் வந்தது, அவள் மட்டும் ஏறினாள். நான் படிகளால் இறங்கினேன்.

என் மேலதிகாரி இரண்டு கிழமை என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். "என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்" என்றார் ஒரு நாள். "சொன்னேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆமோதித்தாரா அலுத்துக்கொண்டாரா தெரியாது. ஆனால் அவர்தான் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு நாள் மட்டும் வந்தால் போதும், மத்தியானத்தோடு புறப்பட்டுவிடலாம், மிச்ச வேலையை வீட்டில் முடிக்கலாம், அதுவும் அலுவலக நாளாகவே கணக்கில் வரும் என்று எழுத்தில் தந்தார். அரை நாளுக்காக அவ்வளவு தூரம் ரயிலில் வந்து போவதில் யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் நிற்பாளாம்.

எங்களுக்குள் பழைய பேச்சு உடனே வரவில்லை. "அக்கா" என்பதை விடவில்லை, ஆனால் கன்டீனுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். சில மாதங்களில் லெஸ்டரில் வேறொரு திணைக்களத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு படி கீழே உள்ள பதவி. கடைசி நாளன்று எனக்கு முறுக்கு கொண்டுவந்து தந்தாள், அவளே சுட்டது.

"கோபமெல்லாம் இல்லக்கா. நீங்க அன்னிக்குப் பேசலன்னா என்னை அப்பவே அனுப்பியிருப்பாங்க" என்றாள். "ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஓம். கேட்டிருக்கலாம்" என்றேன்.

பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை என்று தைப்பொங்கலுக்கு அழைத்தபோது சொன்னாள். ஆனால் ஒரு சிநேகிதியின் காதுக்குள் ஏதோ சொன்னதாக ஆசிரியை பார்த்தாராம். என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அலுவலக நாட்களை இன்னும் கூட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாமா என்று தொழிற்சங்கம் வாக்கெடுப்பு நடத்துகிறது. வாக்குச்சீட்டு தபாலில் வந்து குசினி மேசையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, முருகன் கோயிலுக்குப் புறப்பட நேரம் கிடந்தது. நான் பேனையை எடுத்து ஆம் என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நீர் ஒவ்வொரு நாளும் ஓடிப்போற ஆள். பிறகென்ன உமக்கு இதில வோட்டு?"

"தெரியேல்லை" என்றேன். "போறவை போகட்டும். போக ஏலாத ஆக்களையும் கேக்கவேணும்தானே."

"அப்ப என்னை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருக்கவேணும்."

 அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் உறையை ஒட்டினேன். எழும்பி ஜன்னலைச் சாத்தினேன், பிறகு திறந்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் தபால்பெட்டியருகே அவரே காரை நிறுத்தினார். "இறங்கிப் போட்டிட்டு வாரும்" என்றார்.