திரைக்குப் பின்னால் நாலு ஜோடிக் காதுகள்

இன்றைக்குக் குவைத்தின் ஷுவைக் பகுதியில் ஒரு வாத்தியக் கடையில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? சிநேகிதி லுல்வாவை! கை நிறைய, இயர்போனில் மாட்டுகிற ரப்பர் காதுமுனைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். "இத்தனை காது யாருக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "திரைக்குப் பின்னால உட்கார்ற நாலு ஆம்பளைங்களுக்கு. காது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு, பிடிவாதம் மட்டும் ஒரே அளவு" என்றாள். கடையே சிரித்தது. அப்புறம் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி அவள் சொன்ன கதையைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லுல்வாவுக்குப் பகல் வேலை சால்மியாவில், மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா? இல்ல இதுவா?" என்று கேட்பாள். வியாழக்கிழமை சாயங்காலமானால் பாடகி உம் மிஷாலின் பாட்டுக்குழுவோடு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பாள்.

இங்கே கல்யாணத்தில் பெண்கள் தனியாகக் கூடுவார்கள். கூடத்தில் பாடகி உம் மிஷாலும் தஃப் பறை அடிக்கிற அவளுடைய பெண்களும். வயலின், கானூன், கீபோர்டு, சின்ன மத்தளம் வாசிக்கிற நாலு ஆண்களும் பக்கத்து அறையில், கனத்த திரைக்குப் பின்னால். அவர்களுடைய இசை இந்தப் பக்கம் வரலாம், பார்வை வரக்கூடாது.

வம்பே அங்கேதான். ஆண்கள் தங்கள் வாத்தியத்தைக் கேட்பதற்காக அந்த அறையில் ரெண்டு பெரிய ஸ்பீக்கர் அலறும். பாடகியின் குரலோ கூடத்துச் சலவைக்கல்லில் எல்லாம் முட்டி மோதிவிட்டு, திரை தாண்டித் தாமதமாகப் போய்ச் சேரும். போன கல்யாணத்தில் உம் மிஷால் பாட்டை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள், உள்ளே இன்னும் ஒரு சுற்று வாசிக்கிறார்கள்!

லுல்வா ஒரு யோசனை சொன்னாள். ஸ்பீக்கரே வேண்டாம். ஆளுக்கு ஒரு ஜோடி இயர்போன். யார் காதுக்கு எது எவ்வளவு வேண்டுமோ, அதை அவரவர்க்குத் தனித்தனியாகக் கலந்து கொடுப்பது.

"ஒரு வாட்டி பார்க்கலாம்" என்றாள் உம் மிஷால். "மணப்பொண்ணு நடந்து வர்ற பாட்டு சுத்தமா வந்துச்சுன்னா, இனிமே எல்லா வியாழக்கிழமையும் இந்த ஒலி கலக்குற பொட்டி உன் கையில. சொதப்புச்சுன்னா பழைய ஸ்பீக்கர் திரும்பி வரும். நீ கண்ணாடிக் கடையிலேயே இருந்துக்க கண்ணு."

அடுத்த வியாழக்கிழமை லுல்வா மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்தாள்.

விருந்தினர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே திரைக்குப் பின்னால் போனாள். வயலின்காரர் வக்தி எகிப்துக்காரர், பெரியவர். இயர்போனைச் செத்த தேளைப் போலத் தூக்கிப் பார்த்தார்.

"காதை அடைச்சுக்கிட்டு வாசிக்கணுமா? அதுக்கு நான் வீட்டுலயே தூங்குவேனேம்மா."

"நீங்க தூங்கினாலும் குறட்டை சுருதியோடதானே வரும் உஸ்தாத். போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். உடனே ஆரம்பித்தார்: "என் சத்தத்தைக் கூட்டு. இன்னும் கூட்டு. நான் எங்க இருக்கேன்னே தெரியல." அவரைப் பார்த்துக் கீபோர்டு ஹமூத், "என்னையும் கூட்டு!" கூட்டக் கூட்டக் காதுக்குள் சந்தைக்கடைதான் பெரிதானது.

லுல்வா கையை எடுத்தாள். கடையில் செய்வதைச் செய்தாள். ஒலிப்பெட்டியை இயக்குகிற டேப்லெட்டில் விரலை நகர்த்தி, "உஸ்தாத், இது தெளிவா?" என்றாள். இன்னொரு நகர்த்தல். "இல்ல இதுவா?"

"ரெண்டாவது! ஆ, ரெண்டாவதுதான்! என்னைக் கூட்டிட்ட, இல்ல?"

"உங்களைத் தொடவே இல்ல. ஹமூதைக் குறைச்சேன்."

"பாரு, எது நடந்தாலும் என் தலைதான் உருளும்!" என்றான் ஹமூத், லுகைமாத் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே. பாகு ஒட்டிய விரலோடு கீபோர்டைத் தொடப் போனவனை வக்தி வில்லால் தட்டினார்.

கூடத்தில் தானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்ட உம் மிஷால் வேறு மாதிரி. "அந்தக் கிழவனோட வயலினை என் காதுலேர்ந்து எடுத்துடு. ஒரு வரிக்கு நாலு ஜிமிக்கி தொங்கவிடுவான். எனக்கு கீபோர்டும் தாளமும் போதும்." லுல்வா எடுத்துவிட்டாள். கடைசியாகத் தன் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைக் குத்திக்கொண்டாள். அதில் பேசினால் அந்த நாலு பேர் காதில் மட்டும் கேட்கும். பார்க்க முடியாதவர்களுக்கு அவள்தான் கண்.

இரவு இஷா தொழுகை முடிந்து கூடம் நிரம்பியது. யாரும் படம் பிடிக்காமலிருக்க வாசலில் போன்களை வாங்கி வைக்கிற பெண்மணி, லுல்வாவின் டேப்லெட் கேமராவில் ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டி, திருப்தியில்லாமல் மூன்றாவதும் ஒட்டினாள். சாம்பிராணிப் புகை, ஏலக்காய்க் காப்பி, பட்டுச் சரசரப்பு. விளக்குகள் தணிந்தன.

மாடிப்படி உச்சியில் மணப்பெண். பாட்டு தொடங்கியது. அடடா, என்ன சுத்தம்! குரலும் கானூனும் ஒரே மூச்சாக வந்தன. லுல்வா காலரில் கிசுகிசுத்தாள்: "இறங்குறா… மெதுவா… நல்லா இருக்கு…"

சில படிகள் இறங்கிய மணப்பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடம் முழுக்க முகங்கள் அவளைப் பார்க்கின்றன. ஒரு கால் பின்வாங்குகிறது. பாட்டோ முழு மேளமும் வெடிக்கிற இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது!

"மேளம் வேணாம்!" என்றாள் லுல்வா. "எல்லாரும் நிறுத்துங்க. உஸ்தாத், நீங்க மட்டும் வாசிங்க. பொண்ணு பயந்துபோய் நிக்குறா. அவளைத் தேத்துற மாதிரி."

எல்லாம் அடங்கியது. வக்தி ஒற்றை வில்லில், தாழ்ந்த சுருதியில், அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடப்பதுபோல இழுத்தார்.

ஆனால் உம் மிஷாலின் முகம் வெளுத்தது. கை காதுக்குப் போனது. லுல்வாவுக்கு உடனே புரிந்தது. பாடகியின் காதில் வயலின் இல்லை! கீபோர்டும் தாளமும் நின்றுவிட்டதால் அங்கே வெறும் மௌனம். கூடத்து ஒலியையும் இயர்போன் அடைத்துவிட்டது. குழுவே செத்துப்போய்விட்டது என்று நினைக்கிறாள். இன்னும் ஒரு கணத்தில் இயர்போனைப் பிடுங்கி எறிவாள், பெட்டியோடு லுல்வாவையும்.

வயலின் வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். கேட்காமல் போட்டால்? போடாமல் விட்டால்?

லுல்வா விரலை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். உம் மிஷாலின் காதுக்குள் வக்தி வந்து நின்றார்.

அவள் சட்டென்று லுல்வாவைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். அந்த வயலின் மேலேயே குரலை வைத்து, பாட்டு வரி எதுவும் இல்லாமல் ஆலாபனையாக, "யா லேல்…" என்று ஏறினாள். ரெண்டும் பின்னிக்கொண்டன. மணப்பெண் நிமிர்ந்தாள். ஒரு படி. இன்னொரு படி.

"நடக்குறா உஸ்தாத்! நடக்குறா! சிரிக்கிறா! ஹமூத், இப்ப விடு, எல்லாரும் விடுங்க!"

மேளம் வெடித்தது. கூடம் முழுக்கக் குலவை கிளம்பியது. லுல்வா தஃப் பெண்களின் முன்னால் இருந்த மைக்கை அந்த நாலு பேர் காதிலும் ஏற்றிவிட்டாள். கைத்தட்டல், குலவை, அழுகையும் சிரிப்புமான அத்தனை சத்தமும் திரையைத் தாண்டிப் போனது.

அப்புறம் உள்ளே போனபோது வக்தி இயர்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "இத்தனை வருஷமா நான் இந்தத் துணிக்குத்தான் வாசிச்சேன் மகளே. இன்னைக்குத்தான் ஜனங்களுக்கு வாசிச்சேன்" என்றார்.

மூட்டை கட்டும்போது உம் மிஷால் வந்தாள். "நான் எடுக்கச் சொன்னதை நீயா திரும்பப் போட்டே."

"கோவமா அம்மா?"

"கோவம்தான். அடுத்த வாரமும் இப்படியே கோவப்படுத்து." பெட்டியின் வாரை லுல்வாவின் தோளில் மாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு ரெண்டு மூன்று குழுக்கள் கூப்பிடுகின்றன, லுல்வாவோ ஒருத்திதான். அதனால் சனிக்கிழமை மதியங்களில், சபாஹ் அல்-ஸாலிம் பகுதியில் உம் மிஷால் ஒத்திகை பார்க்கிற வீட்டில், ஆசைப்படுகிற பெண்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறாள். காசு கிடையாது, காது இருந்தால் போதும். குவைத்தில் உங்களுக்குத் தெரிந்த பெண்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள், ப்ளீஸ்! நீங்களே இங்கே இருந்தால் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.