ஸ்டேட்டஸில் வைத்த சோறு

எங்கள் வீட்டில் மத்தியானச் சோற்றை முதலில் சாப்பிடுவது என் செல்போன்தான். இதைச் சொன்னது நானில்லை, என் வீட்டுக்காரர். அவர் பசியோடு உட்கார்ந்திருக்க, நான் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி வைத்துப் படம் எடுப்பேன். பிறகு அதை ஆயில் பெயிண்டிங் போல மாற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சோறு ஆறுவதற்குள் போடு என்பார். அந்தப் படம் யாருக்காக என்று அவருக்குத் தெரியும். அதனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அது என் அண்ணனுக்காக. மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சொத்துச் சண்டை என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். சொத்தெல்லாம் எப்போதோ பேசி முடித்தாயிற்று. அம்மா என் வீட்டில் இறந்துபோனதுதான் காரணம். மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மா தனியாகத்தான் இருந்தாள். உடம்பு முடியாமல் போனதும், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரச் சௌகரியம் என்று அயோத்தியாப்பட்டணத்தில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மேட்டூருக்குக் கொண்டுபோகிறேன் என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். டாக்டரும் அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணன் கார் பேசி வைத்திருந்த நாளுக்கு முந்தின நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

மகன் இருக்கும்போது தாய் மகள் வீட்டில் கண்ணை மூடினால், எங்கள் பக்கம் மகனைத்தான் பேசுவார்கள். பேசினார்கள். இழவுக்கு வந்தவர்கள் அண்ணன் காதுபடவே பேசினார்கள். காரியம் முடிந்த அன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அவர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இனி உன்ற ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

பேச்சு நின்றால்கூட எப்படியாவது ஒட்டவைத்துவிடலாம். கை நனைக்க மாட்டேன் என்பது அப்படியில்லை. ஒருவர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டால், உறவே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் நான், ராத்திரியெல்லாம் காலைப் பிடித்துவிட்டவள் நான், கடைசியில் குற்றவாளியும் நானா என்று கேட்டிருப்பேன். இலையில் சோற்றோடு அத்தனை பேர் உட்கார்ந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் இப்போதும் முழுசாகப் போகவில்லை.

அந்த வருஷப் பொங்கலுக்கு, வைத்த பொங்கலைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தால், வரிசையில் அண்ணன் பெயர் இருந்தது. மறுநாள் தக்காளிக் குழம்பைப் போட்டேன். அதையும் பார்த்திருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. அதன்பிறகு தினமும் போட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் படத்தில் தட்டுக்குப் பின்னால் பச்சைச் சுவரும் கட்டில் காலும் விழுந்துவிட்டன. அம்மா படுத்திருந்த கட்டில் அது. அன்றிலிருந்து பல நாள் அண்ணன் பெயர் வரவில்லை. அவருக்குச் சோற்றைப் பார்க்க முடிகிறது, அந்த அறையைப் பார்க்க முடியவில்லை என்று புரிந்துகொண்டேன். காலேஜ் படிக்கும் என் மகளிடம், பின்னால் இருப்பதெல்லாம் தெரியாமல் பண்ண முடியுமா என்று கேட்டேன். அவள்தான் போட்டோவை ஓவியமாக மாற்றும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஆயில் பெயிண்டிங்கைத் தொட்டால் சுவர் வெறும் பச்சைத் தீற்றலாகிவிடும், கட்டில் எங்கே என்றே தெரியாது. நடுவில் சோறு மட்டும் பளபளவென்று இருக்கும். வாட்டர்கலரில் போட்டால் ரசம்கூட அழகாகிவிடும். அண்ணன் மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு நான் சமைத்ததே அவர் கண்ணுக்காகத்தான். கொள்ளுப் பருப்பு, சந்தகையும் தேங்காய்ப்பாலும், நோன்பு நாளில் ஒப்புட்டு. என் வீட்டுக்காரருக்குக் கொள்ளு ஆகாது, முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார். இதற்கெல்லாம் பதிலாக அண்ணன் ஒரு வார்த்தை, ஒரு பொம்மை முகம்கூட அனுப்பியதில்லை. அவர் ஒரு நாள் வந்து என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கலாமே என்பார்கள். மாட்டேன் என்று அவர் சொன்னால் அந்தப் படத்தைப் பார்ப்பதும் நின்றுபோகும் என்று பயந்தேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள், அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைக்கும் அரிசிம்பருப்பு செய்திருந்தேன். அண்ணனுக்கு உயிர். அந்த ஆப்பில் பென்சிலில் வரைந்தது போல மாற்றும் வசதி ஒன்று இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. வண்ணம் போட்டுப் போட்டு அலுத்துப்போனதால் அன்று அதைத் தொட்டேன். சோற்றுக்கு அது கொஞ்சமும் சரிவரவில்லை. மஞ்சள் போய்விட்டது, நெய் போய்விட்டது, பருக்கையெல்லாம் வெறும் புள்ளி. தட்டின் ஓரமும் அதில் இருந்த கீறல்களும் மட்டும் அழுத்தமாக நின்றன. பசி நேரம் என்பதால் மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணன்.

"அம்முணி, அந்தத் தட்டு எப்படி உன்ற கிட்ட வந்துச்சு?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு தட்டைப் பற்றியா என்று எனக்குச் சுருக்கென்றது. எந்தத் தட்டு என்று கேட்டேன். ஓரத்தைப் பார், என் பெயர் இருக்கும் என்றார்.

எச்சில் கையோடு தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் யார் பெயராவது வெட்டியிருக்கும், யார் அதைப் படிக்கிறார்கள்? தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்து கண்ணுக்கே தெரியாமல் மங்கியிருந்தது. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக, கடைசி எழுத்து கோணலாக, அண்ணன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அம்மா வாங்கி, கடையிலேயே பெயர் வெட்டிய தட்டாம். அந்தக் கோணலை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம்.

என் வீட்டுக்கு வரும்போது அம்மா கொண்டுவந்தது இரண்டு சேலையும் அந்தத் தட்டும்தான். வேறு தட்டில் போட்டால் வாயைத் திறக்க மாட்டாள். என் வீட்டில் தட்டா இல்லை என்று நான்கூடக் கடுகடுத்திருக்கிறேன். அவளுடைய தட்டு, பழக்கம் விடவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மா கொண்டுவந்ததுங்ணா என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து பழக்கமில்லாதவர், அன்று ஒன்றும் கொண்டுவரவில்லை. தலை நிறைய நரைத்திருந்தது. உள்ளே வந்ததும் கட்டிலைத்தான் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அம்மா என்னையக் கேட்டுச்சா?"

ஆமாம், உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று சொல்லியிருந்தால் அவர் மனசு குளிர்ந்திருக்கும். அம்மா விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"வாய் விட்டுக் கேக்கலீங்ணா. அந்தத் தட்டைத்தான் கேட்டுச்சு. வேளா வேளைக்குக் கேட்டுச்சு."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போனேன். வந்தாலும் வருவார் என்று செய்து வைத்த அரிசிம்பருப்பு தயாராக இருந்தது. அந்தத் தட்டில் போட்டு நெய் ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. அவர் பெருவிரலால் தட்டின் ஓரத்தைத் தடவினார், எழுத்து இருந்த இடம் வரும்வரை தடவினார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். தூக்கல்தான்.

கிளம்பும்போது, அது அவர் பொருள்தானே என்று தட்டைக் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டு நீட்டினேன். வாங்கினார். வாசல்வரை கொண்டுபோனார். செருப்பை மாட்டிய பிறகு, பையைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார்.

"இங்கயே இருக்கட்டும் அம்முணி. அடுத்த வாட்டி வந்தா நான் எதுல சாப்புடறது? வாரேன்."