ஏழாவது கட்டம்

பிரேதப் பரிசோதனைக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இருபத்திரண்டு வருடமாக மனு வாங்கிப் போடும் எழுத்தர் அம்மாளுக்கு, முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'துருவி'. மனிதர்களை நம்புவது அவளுக்கு ஒத்துவராத காரியம். வந்தவர்கள் கதறி அழுதால் நடிப்பு என்பாள். அழாமல் நின்றால் கல்நெஞ்சு என்பாள். பின்னே எப்படித்தான் அழுவது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் ஒருவர் இறந்து, இயற்கை மரணம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் அடக்கம் செய்துகொள்ளலாம். ஆனால் ரத்த உறவில் ஒரே ஒருவர் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தாலும் உடலை அறுத்துப் பார்த்தே ஆகவேண்டும். கொடுத்த மனுவைத் திரும்பப் பெற முடியாது. அதில் ஏழாவது கட்டம், 'யார் மீது சந்தேகம்?' அங்கே வந்ததும் எல்லோருக்கும் பேனா நின்றுவிடும்.

"எழுதினா எழுதுங்க, இல்லேன்னா எழுந்திருங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று விரட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய அண்ணன் இறந்துபோனார். அவருக்கு முட்டிவலியும் பழைய வயிற்றுப்புண்ணும் தவிர வேறு நோய் கிடையாது. அவள் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அண்ணி, தெருக்கோடி டாக்டரிடம் கையெழுத்தே வாங்கிவிட்டிருந்தாள். குளியலறைத் தரை கழுவி ஈரமாகக் கிடந்தது. கைப்பையைக் கக்கத்திலிருந்து இறக்காமலே நடமாடினாள் அண்ணி.

"மத்தியானத்துக்குள்ள அடக்கம் பண்ணிடலாம்மா."

"என்ன அண்ணி இவ்வளவு அவசரம்? பையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், இதை மட்டும் கிளறாதே."

யாரிடம் போய் என்ன சொன்னாள் பாருங்கள்! துருவிக்குப் பொறி தட்டிவிட்டது. ஒரு மணி நேரத்தில் தன் அலுவலகத்திலேயே, மேஜைக்கு இந்தப் பக்கம், மனு எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டத்தில் அவள் பேனா நிற்கவில்லை. 'அண்ணி' என்று எழுதினாள்.

"உறவுமுறை பத்தாதுக்கா, முழுப் பேர் வேணும்" என்றான் அவள் இடத்தில் அன்று உட்கார்ந்திருந்த சக எழுத்தர். முழுப் பெயரையும் எழுதினாள்.

போலீஸ் கைப்பையை வாங்கிக்கொண்டு அண்ணியை நாள் கணக்கில் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார வைத்தது. அண்ணி வாயைத் திறக்கவில்லை. பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்று துருவி எண்ணிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், மனுதாரர் என்ற முறையில் அறிக்கையின் நகல் அவள் கைக்கு வந்தது. வயிற்றுப்புண் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டியிருக்கிறது. காரணம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் தொடவே கூடாத வலி மாத்திரை, அதுவும் அளவுக்கு மேல். கூடவே இருந்த போலீஸ் குறிப்பின்படி, கைப்பையில் கிடைத்தது அந்த மாத்திரை அட்டை ஒன்றுதான். அதன் பின்பக்கம் பேனாவால் 'காலை 2, இரவு 2' என்று எழுதியிருந்ததாம். எழுதியவள் துருவியேதான். தன் முட்டிக்கு வாங்கியதில் ஓர் அட்டையை, "போடுண்ணா, வலி பறந்துடும்" என்று போன வாரம் அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள்.

நகலைக் கையில் பிடித்தபடி காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

"ஏன் அண்ணி சொல்லல?"

அண்ணி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "ரத்தமா வாந்தி எடுத்துக்கிட்டே உங்கண்ணன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'தங்கச்சிக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டா'ன்னார்."

துருவி அங்கேயே உடைந்து அழுதாள். நடிப்பா, கல்நெஞ்சா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

மறுநாள் அலுவலகம் போனாள். "அந்த மனுவைத் திரும்பக் கொடுத்துடேன்பா."

"முடியாதேக்கா. சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே? வேணும்னா கூடுதல் மனு ஒண்ணு எழுதுங்க."

வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு கட்டமும் மளமளவென்று நிரம்பின. ஏழாவதில் பேனா நின்றது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவளை யாரும் விரட்டவில்லை.