நல்லாருக்கேன் என்ற பதில்

எங்கள் ஊரில் யாரையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. செத்துக்கொண்டிருந்தாலும் நல்லாருக்கேன் என்றுதான் சொல்வார்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, அதைக் கேட்பதுதான் என் வேலையாக இருந்தது.

சுகாதார சர்வே. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி நாங்குநேரி, வள்ளியூர் என்று வீடு வீடாகப் போவோம். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று ஆரம்பித்து நடுவில் அந்தக் கேள்வி வரும். 'மொத்தத்தில், உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று சொல்வீர்கள்? மிக நன்று, நன்று, நடுத்தரம், மோசம், மிக மோசம்.' எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும். பதில் எதுவானாலும் முகம் மாறக் கூடாது, அய்யோ என்று சொல்லக் கூடாது, அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். கேட்கும்போது குடும்பத்தார் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். பயிற்சியில் இதைச் சொன்ன புண்ணியவான் நம் வீடுகளுக்குள் வந்து பார்த்ததே இல்லை போல.

எங்கள் ஆட்கள் வீடு என்றால் பதில் 'அல்ஹம்துலில்லாஹ்'. இறைவனுக்கே புகழ். சரி, இதை ஐந்தில் எந்தக் கட்டத்தில் தட்டுவது? திரும்பக் கேட்டால் திரும்ப அல்ஹம்துலில்லாஹ். பாளையங்கோட்டையில் ஒரு டீச்சரம்மா மூச்சு வாங்க வாங்க, 'கர்த்தர் கிருபையால நல்லாருக்கேம்மா' என்றார். வள்ளியூரில் ஒருத்தி மருமகள் முன்னால் நன்று என்றுவிட்டு, வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். 'எந்திரிச்சு நிக்கவே முடியல தாயி. அவ முன்னால சொன்னா, நடிக்கான்னு மவன்கிட்ட சொல்லிருவா. நீ யாரோ எவரோ, ஒங்கிட்ட சொல்லலாம்.' அவள் பதிலை 'மோசம்' என்று மாற்றிவிட்டு பஸ் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோவில் வருவார். முதலில் அவரைப் பெற்ற மாமி பேசுவாள். 'ஒடம்பு எப்படிலே இருக்கு?' 'அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன் உம்மா.' அப்புறம் நான் கேட்பேன், அதே பதில் வரும். கடைசி வருடம் அவர் முகம் ஊதத் தொடங்கியது. கேட்டால், 'தின்னு கொழுத்துட்டேன், ஒனக்குப் பொறாமையா?' என்பார். பிறகு வீடியோவே வேண்டாம் என்றார், நெட் சரியில்லையாம். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்தக் கல்யாணம் முடியும்வரை இந்த மனுஷன் உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். நல்லாருக்கேன், நல்லாருக்கேன், நல்லாருக்கேன். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் அழைத்ததும், என்ன தோன்றியதோ, வேலையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன்.

'வணக்கம் ஐயா. சுகாதார சர்வேயிலிருந்து பேசுகிறேன். நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம். பேசலாமா?'

'ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?' சிரித்தார்.

'ஐயா, பேசலாமா?'

'சரி, கேளுங்க மேடம்.'

வயது கேட்டேன், தொழில் கேட்டேன். வேண்டுமென்றே கோணல் பதிலாகச் சொன்னார். பொண்டாட்டி எப்படி என்று கேள்வி உண்டா, அதற்கு மிக மோசம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதியிருந்தபடியே படித்தேன், ஐந்து பதிலையும் படித்தேன். எது என்று காத்திருந்தேன்.

'மோசம்' என்றார்.

நான் அய்யோ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் என் புருஷனாகி, திரும்பவும் நல்லாருக்கேன் என்றிருப்பார். 'மருத்துவமனைக்குப் போனீர்களா?' போனாராம். 'என்ன சொன்னார்கள்?' 'ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லுதாவ. ரத்தம் சுத்தம் பண்ணணுமாம்.' 'வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?' 'இல்ல மேடம்.' இந்தக் கடைசிக் கேள்வி எந்த சர்வேயிலும் கிடையாது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன், அவருக்குக் கேட்காமல்.

ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். நிக்காஹ்வில் அவரே உட்கார்ந்து மகளைக் கொடுத்தார். நலம் விசாரித்த அத்தனை பேரிடமும் அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன். ஆனால் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, 'மேடம், இன்னைக்குக் கேக்கலையா?' என்பார். கேட்பேன். மோசம் என்பார். என்றைக்காவது நடுத்தரம் என்றுவிட்டால் அன்று எனக்குப் பெருநாள்.

ஒருநாள் பாலத்தின்மேல் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். 'வணக்கம் அம்மா, சுகாதார சர்வேயிலேருந்து பேசுதேன்.' கேள்வியை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். நல்லாருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

'சர்வேக்காரன்கிட்ட பொய் சொல்லக் கூடாதும்மா.'

'மிக மோசம்' என்றேன். சொன்னதும் உடைந்து அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். இவர் முகம் மாறவே இல்லை. 'அடுத்த கேள்வி' என்றார். அடுத்தது என்னவென்று அவருக்கு நினைவில்லை. வீடு வரும்வரை என் கையை மட்டும் பிடித்திருந்தார்.

அந்த மழைக்காலத்திலேயே மௌத்தாகிவிட்டார், மழைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். நான் திரும்ப வேலைக்குப் போகவில்லை, அந்தக் கேள்வியை முகம் மாறாமல் படிக்க இனி என்னால் ஆகாது. வருகிறவர்கள் எல்லாரும் எப்படிம்மா இருக்க என்கிறார்கள். ஐந்து பதிலையும் படித்துக்காட்டி, எது என்று காத்திருக்க யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் மகள் போன் பண்ணி, 'உம்மா, ஒடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்கிறாள். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன் மக்கா என்கிறேன்.