வலப்பக்கம் பதினோரு புள்ளி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. ஆனால் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, பட்டப்பெயர் வந்து அதைத் துரத்திவிட்டது. சுமையை நூல் பிடித்தாற்போல இறக்குகிற நூல்காரர் என்றால்தான் கட்டுமானத் தளத்தில் யாருக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், கிரேன் ஓட்டச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, தரையில் நிமிர்த்தி வைத்த ஒரு தீப்பெட்டியின் தலையைக் கொக்கியால் தொட்டு, பெட்டி சாயாமல் நிறுத்திக் காட்டினாராம். அதுவும் இருபது மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு. தீப்பெட்டி சாய்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள். இருந்தவர்கள் யாரும் இப்போது அந்தத் தளத்தில் இல்லை. அதனால் கதை பிழைத்துக்கொண்டது.

மனிதர் தங்கமானவர். கண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் கர்வம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஒரு கண்ணை மூடிக் குறி பாக்கறவன் குருவி சுடத்தான் லாயக்கு" என்பார். "கிரேன்காரனுக்கு ரெண்டு கண்ணும் வேணும். ஒரு கண்ணு பொருளைக் காட்டும். எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ரெண்டும் சேந்தாத்தான் காட்டும்." அதனால் அவர் எதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வந்த வினை அதில்தான் ஒளிந்துகொண்டது.

இளவட்டமாக இருந்தபோது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விளையாட்டுக் கடை இருந்தது. சங்கிலியில் கட்டிய பிளாஸ்டிக் துப்பாக்கி, பெட்டித் திரை, ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்க்கும் கொள்ளைக்காரர்கள். அதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன் அந்த ஆசை மறுபடி தலைதூக்கியது. அந்தக் காலத்துத் துப்பாக்கி பழைய டிவியின் ஒளியைப் பார்த்துத்தான் குறியைக் கண்டுபிடிக்கும். இன்றைய தட்டை டிவிக்கு முன்னால் அது வெறும் பொம்மை. ஆகவே பழைய விளையாட்டைக் கணினியில் ஓட்ட ஒரு எமுலேட்டர், துப்பாக்கிக்குப் பதிலாகக் கையசைவை அறிகிற ஒரு கன்ட்ரோலர் என்று ஏற்பாடு செய்தார். கன்ட்ரோலரின் மூக்கில் சின்னக் கேமரா உண்டு. டிவிக்கு அடியில் ஒரு பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எரியும். அந்த இரண்டையும் பார்த்து, துப்பாக்கி எங்கே நீட்டுகிறது என்று கணினி கணக்குப் போடும். உடைந்த நாற்காலியின் காலைச் செதுக்கித் தோளில் முட்டுக்கொடுக்கக் கட்டை செய்து, அதன் நுனியில் கன்ட்ரோலரைக் கட்டினார். பார்க்கத் துடைப்பம் மாதிரி இருந்தது. மனைவி வாய்விட்டே சிரித்தாள்.

திரையில் குறிப்புள்ளி காட்டுகிற வசதி ஒன்று உண்டு. அது கைத்தடி ஊன்றிக்கொண்டு பந்தயம் ஓடுகிற மாதிரி என்று அதை அணைத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஆடுவதற்கு முன் குறியைச் சரிபார்ப்பார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்கள் வரும், நடுவில் ஒரு சிலுவை. அந்தச் சிலுவையை ஒரு தடவை சுட்டால், கை எவ்வளவு விலகுகிறது என்று கணினி ஓர் எண் சொல்லும். அந்த எண்ணுக்குத் தகுந்தபடி குறியை எதிர்ப்பக்கம் நகர்த்திவைத்தால் தீர்ந்தது. முதல் வாரம் எண் பூஜ்யம். நாலாம் வாரம் இடப்பக்கம் மூன்று. பிறகு ஐந்து, எட்டு. அவரும் சளைக்காமல் வலப்பக்கம் மூன்று, ஐந்து, எட்டு என்று நகர்த்திக்கொண்டே வந்தார்.

ஜன்னல் வெயில் கேமராவைக் குழப்புகிறது என்று திரை போட்டார். பட்டை நகர்கிறது என்று ஒட்டுநாடா ஒட்டினார். பெருக்கும்போது மேஜையை இடிக்கிறாள் என்று மனைவியைக் கோபித்தார். பேட்டரியை இரண்டு தடவை மாற்றினார். எண் மட்டும் அடங்கவில்லை.

அவரோடு ஆட வருபவன் மனைவியின் தம்பி. தளத்தில் அவனுக்குச் சிக்னல் வேலை. சுமை இறங்குகிற இடத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்று, வாக்கிடாக்கியில் "இடம், வலம், இறக்கு, நிறுத்து" என்று மேலே இருப்பவருக்குச் சொல்பவன். ஒன்பது வருடமாக மாமன் இறக்குகிற இரும்புக்கு அடியில் நின்று பழகியவன். வேலையில் புலி, விளையாட்டில் பூனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண் இடப்பக்கம் பதினொன்று காட்டியது. நூல்காரர் வலப்பக்கம் பதினொன்று வைத்தார். அவர் சுட்டதெல்லாம் விழுந்தது. மச்சினன் சுட்ட பத்தில் பத்தும் கொள்ளைக்காரனின் வலது தோளை உரசிக்கொண்டு சுவரில் போய் விழுந்தது.

"மாமா, இது வலப்பக்கமே போகுது. உங்க துப்பாக்கி கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"சத்தியமா மாமா. போன வாரமும் இப்படித்தான். அக்கா, நீ ஒரு தடவை சுடேன்."

அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து சுட்டாள். வலப்பக்கச் சுவர்.

"அக்காவும் தம்பியும் ஒரே ஸ்கூல்லதானே படிச்சீங்க" என்றார் நூல்காரர்.

மச்சினன் சிரித்துவிட்டான். கிளம்பும்போதுதான் வேலைப் பேச்சு வந்தது. "நாளைக்குக் காலையில ஏசி மெஷின் ஏத்தறோம் மாமா. எட்டு டன். மொட்டை மாடியில நான்தான் நிக்கறேன். வியாழக்கிழமை பண்ணின மாதிரி பண்ணிடாதீங்க."

வியாழக்கிழமை கம்பிக் கட்டு ஒன்று சொன்ன இடத்தைவிட ஒரு முழம் தள்ளி இறங்கியிருந்தது. மச்சினன் துள்ளி விலகியிருக்காவிட்டால் கால் போயிருக்கும்.

"அது காத்துடா" என்றார்.

"காத்துதான்" என்று அவனும் சொன்னான். மாமன் சொன்னால் அவனுக்குக் காற்றுதான்.

அவன் போனபிறகு அவர் பட்டையின் ஒட்டுநாடாவைப் பிய்த்து மறுபடி ஒட்ட ஆரம்பித்தார். மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "துணி ஒரு பக்கமா இழுத்தா நான் முதல்ல கையை எடுத்துட்டு மெஷினை ஓட்டிப் பாப்பேன். தப்பு கையிலயா மெஷின்லயான்னு தெரிஞ்சிடும். நீங்களும் அந்தத் துடைப்பத்தை யாரும் பிடிக்காம வெச்சுப் பாருங்களேன்."

நல்ல யோசனைதான். தனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. திரையின் நடுவிலிருந்து ஒரு நூலை இழுத்து எதிர்ச்சுவர் ஆணியில் விறைப்பாகக் கட்டினார். நூலுக்கு நேர் கீழே மேஜை போட்டு, மரத்தைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியில் துப்பாக்கியை இறுக்கி, முனையும் கட்டையும் நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நகர்த்தி வைத்ததையெல்லாம் அழித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அமுக்கினார்.

பூஜ்யம்.

இன்னொரு தடவை. பூஜ்யம். பத்துத் தடவை அமுக்கினார், பத்தும் பூஜ்யம். பிறகு துப்பாக்கியைக் கழற்றி வலத் தோளில் வைத்து, எப்போதும் போல இரண்டு கண்ணையும் திறந்து சிலுவையைச் சுட்டார். இடப்பக்கம் பதினொன்று.

வலத் தோளில் வைத்த துப்பாக்கிக்கு வலக் கண்தான் குறி பார்க்கும். இடக் கண் பார்த்தால் குறி இடப்பக்கம் விலகும், விளையாட்டுக் கடையில் சங்கிலியைப் பிடித்தவனுக்கெல்லாம் அது தெரியும். அப்படியானால் இத்தனை வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது எந்தக் கண்?

வாழ்நாளில் முதல் தடவையாக இடக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார்.

ஓரத்தில் கட்டங்கள் நேராக இருந்தன. நடுவை நெருங்க நெருங்கக் கோடுகள் பள்ளத்தில் விழுந்த மாதிரி வளைந்து உள்ளே இறங்கின. சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. சிலுவையைத் தேடிக் கண்ணை நகர்த்தினார். கறையும் கூடவே நகர்ந்தது. கையை எடுத்தார், எல்லாம் நேராக நின்றது. பொத்தினார், வளைந்தது.

போன மாதம் ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது என்று மனைவியோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. அவள் கம்பியைத் தடவிப் பார்த்து, "எனக்கு நேராத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்து இவரை ஏமாற்றியிருக்கிறது. இவரும் தன் கண்ணை விட்டுவிட்டு வீட்டையும் கணினியையும் மச்சினனையும் திருத்தியிருக்கிறார். கூடம் கோணல் என்றவர் யார் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"பேட்டரிதான்" என்றார்.

அவள் பேட்டரியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

சோறு இறங்கவில்லை. சொன்னால் கூண்டு போய்விடும். ஒற்றைக் கண்காரனை எவனும் கிரேனில் ஏற்றமாட்டான். கீழே இறங்கினால் அவர் யார்? நாற்பத்தேழு வயதில் கேட்டில் நின்று சல்யூட் அடிக்கிற ஆள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கம்பெனியின் கண் பரிசோதனைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நாளைக்கு ஒரு நாள், மெதுவாக, மச்சினன் குரலை வைத்தே இறக்கிவிடலாம். இப்படியெல்லாம் நினைத்தார். நினைத்தது உண்மை, அதை மறைத்து அவரை உத்தமராக்க வேண்டியதில்லை.

காலையில் செருப்பை மாட்டும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள்: "ஜன்னல் கம்பி இப்ப நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார்.

ஏணி ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். கண்ணை மூடிக்கொண்டே ஏறக்கூடிய அளவுக்குப் பழகிய படிகள். கூண்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். காற்று வீசுவதைக் காட்டும் துணிப் பை கம்பத்தோடு தொங்கிக்கிடந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. கீழே ஏசி இயந்திரத்தைச் சங்கிலிகளில் மாட்டியிருந்தார்கள். வழக்கப்படி தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தினார். சங்கிலிகள் முனகி அடங்கின. எட்டு டன்னின் கனம் நெம்புகோல் வழியாக உள்ளங்கைக்கு வந்தது.

"சரியா இருக்கு மாமா" என்று மொட்டை மாடியிலிருந்து மச்சினனின் குரல் வாக்கிடாக்கியில் கேட்டது. "தூக்குங்க. நான் ரெடி."

அவர் தூக்கவில்லை. இடக் கையால் இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடியைப் பார்த்தார்.

மாடி இருந்தது, கைப்பிடிச் சுவர் இருந்தது, இயந்திரம் உட்காரவேண்டிய மேடையும் இருந்தது. மஞ்சள் ஹெல்மெட் இல்லை. கண்ணைக் கொஞ்சம் விலக்கினார், ஓரத்தில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. நேராகப் பார்த்தார், போய்விட்டது. விலக்கினார், இருந்தான். பார்த்தார், இல்லை. அவர் பார்க்கிற இடத்தில் மட்டும் மச்சினன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தான்.

இரண்டு கண்ணையும் திறந்து, நெம்புகோலை இறுகப் பிடித்து, ஒரு சாண் தூக்கியதை ஒரு சாண் இறக்கித் தரையில் வைத்தார். சங்கிலிகள் தளர்ந்தன.

"என்ன மாமா, காத்தா?"

உடனே மேற்பார்வையாளரின் குரலும் குறுக்கே வந்தது. "நூலண்ணே, காத்தே இல்லையே? ஏன் இறக்கிட்டீங்க?"

அந்த அலைவரிசையில் தளம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று என்று ஒரு சொல் சொன்னால் போதும். சண்டை பிடிப்பார்கள், ஆனால் கூண்டிலிருப்பவன் காற்று என்றால் காற்றுதான். ஒரு நாள் கிடைக்கும். நாளைக்கும் அதே ஹெல்மெட் அதே மாடியில் நிற்கும்.

பொத்தானை அமுக்கினார்.

"காத்து இல்ல. என் வலது கண்ணுல நடுவுல ஒண்ணுமே தெரியல. வியாழக்கிழமையும் அது காத்து இல்ல. வேற ஆளை ஏத்துங்க. மச்சான், நீ மாடியை விட்டு இறங்கு."

கூண்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பழகிய படிகள்தான், ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

அடியில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. வியாழக்கிழமையைப் பற்றி அவன் என்ன கேட்கப்போகிறான் என்று இவருக்குப் பயமாக இருந்தது. அவன் கேட்பதற்கு முன் இவரே சொல்லிவிட்டார்.

"இத்தனை வாரமா நீ நேராத்தான்டா சுட்டுக்கிட்டிருந்தே."

மச்சினன் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான். "வாங்க மாமா. அக்கா இப்பத்தான் போன் பண்ணினா, வெளியில கேட் வாசல்லதான் நிக்கறா. கண் டாக்டர்கிட்ட காலையிலேயே சீட்டு வாங்கி வெச்சிருக்காளாம்."