அப்பாவை ‘எறிபவர்’ என்று எழுதிய அட்டைகள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற எல்லோரும் அவருக்கு நல்லது செய்தவர்கள் அல்லர். ஆகவே மகளாகிய நான் மரியாதைக்காகப் பூசி மெழுகப் போவதில்லை.

அப்பா சாவகச்சேரியில் பிறந்தார். சிறுவயதில் தம்பியைச் சைக்கிள் பாரில் ஏற்றிச் செல்லும்போது இருவரும் விழுந்தார்கள். தம்பிக்குக் கீறல்கூட இல்லை. அப்பாவின் வலது முழங்கை முறிந்தது. அதன்பின் அந்தக் கை முழுதாக நிமிரவேயில்லை. அந்தக் கையால்தான் பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவி எங்களை வளர்த்தார். ஞாயிறுகளில் எங்களவர்களின் கிரிக்கெட் கழகத்துக்கு வேகப்பந்து வீசினார்.

ஒரு போட்டியில் நடுவராக நின்றவர் அதே தம்பி, எங்கள் சித்தப்பா. “அண்ணை பந்து போடேல்லை, எறியிறார்” என்று சனத்துக்கு முன்னால் நோபோல் காட்டிக் கையை நீட்டினார். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது குற்றம். முழங்கையின் கதை அவருக்குத் தெரியாதா? கழகம் அப்பாவை விலக்கியது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனாலும் “எறியன் வாறார்” என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்றைய திவசச் சாப்பாட்டின் முதல் பந்தியில் இருப்பீர்கள். வடிவாகச் சாப்பிடுங்கள்.

உணவகத்தில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அப்பாவை ஆர்ஜொந்தெய்யில் ஒரு பேஸ்போல் கழகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கையை மடக்கி எறிவதுதான் ஆட்டமே. ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களின் படம் போட்டுச் சிறு அட்டை அடித்துக் கொடுப்பார்கள். முதல் அட்டையை அப்பா என்னிடம் நீட்டிச் சொன்னார்:

“பிள்ளை, இஞ்சை பார். லான்சேர் எண்டு போட்டிருக்கிறாங்கள். எறியிறவன் எண்டு அர்த்தம். எங்கட ஆக்கள் என்னைக் கலைச்ச சொல்லை இவங்கள் படத்துக்குக் கீழை அடிச்சுத் தந்திருக்கிறாங்கள். விசாக் கார்ட்டில கிடக்கிற மாதிரி என்ர அப்பான்ர பேரைத்தான் குடும்பப் பேரெண்டு பெரிசாய்ப் போட்டிட்டாங்கள். எறிஞ்சது நான், பேர் அவருக்கு!”

கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் அட்டைகளைப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “அண்டைக்குத்தான் நல்லா எறிஞ்சனான்” என்பார். பிறகு அட்டைகளை ஒதுக்கிவிட்டு, “தம்பி வந்தவனோ? என்ர கையில பிழையில்லை எண்டு அவன் ஒருக்காச் சொன்னால் காணும்” என்பார். சித்தப்பாவைத் தொலைபேசியில் கெஞ்சினேன். “பழசைக் கிளறாதை பிள்ளை” என்றார். ஓல்னே-சூ-புவாவிலிருந்து வர அவருக்கு ஒரு ரயில்தான். வரவில்லை.

அப்பாவை நோகாமல் தூக்கி இருத்திய தாதியருக்கும், அவர் எறிந்த பந்துகளை எல்லாம் பிடித்த அந்தப் பிரெஞ்சு நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிக்கிரியையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “என்ர அண்ணையின்ர கையில ஒரு பிழையும் இல்லை” என்று விம்மிய சித்தப்பாவுக்கு நன்றி இல்லை. அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.