கோழிக்குப் போன பிட்டு

என் பிட்டை ஒருவரும் குறை சொல்லாததுதான் எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா காலையில் தவறாமல் வாங்குவா. முன்வீட்டு மீன்காரரும் வாங்குவார். ஆனால் உப்புக் காணாது என்றோ, தேங்காய்ப்பூப் போதாது என்றோ ஒரு வார்த்தை வராது. எங்கள் ஊரில் குறை சொல்லாமல் பிட்டுத் தின்கிற மனிதர்களும் இருக்கிறார்களா?

வன்னியில் சண்டை முடிந்த ஆண்டு அது. அதற்கு முன்பே, சுனாமியாகக் கடல் வந்த அன்று, கல்லடியில் என் கணவர் போய்விட்டார். கூரைத் தகடு ஒன்று வெட்டி என் வலக்கையும் போனது. கைக்குழந்தையாக இருந்த மகளோடு வந்தாறுமூலையில் அண்ணா வீட்டில் ஒதுங்கிக் கிடந்தேன். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் வாவியின் உட்கரையில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் எனக்கும் ஒரு வீடு கிடைத்தது. தனியே போகிறேன் என்றதும் அண்ணா பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றின் பேச்சை எடுத்தார்.

“ஒத்தக் கையோட நீ என்னத்தச் செஞ்சு இவள வளக்கப்போறாய், புள்ள? அங்க எண்டா சாப்பாடு, படிப்பு எல்லாம் குடுப்பாங்க.”

“பிட்டு அவிச்சு விக்கப்போறன்” என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

“சரி, சித்திரை வருசம் வரைக்கும் பாப்பம்” என்றார். அடுத்த முறை வரும்போது மகளின் உடுப்புகளை வைத்து அனுப்ப ஒரு றங்குப்பெட்டியும் கொண்டுவந்து மூலையில் வைத்தார். அண்ணாவுக்குக் கெட்ட மனம் இல்லை. எதற்கும் முந்திக்கொண்டு ஆயத்தம் செய்கிற மனிதர். ஆனால் அந்தத் தகரப் பெட்டியைக் காணும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகளோ அதற்குள் ஏறி உட்கார்ந்து தோணி விடுவாள்.

ஒருநாள் அக்காவின் சுளகைத் திருப்பிக் கொடுக்க அவவின் பின்வளவுக்குள் போனேன். கோழிகள் கூட்டமாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. என்ன தின்கின்றன என்று குனிந்து பார்த்தேன். என் பிட்டு. குழலின் வடிவம்கூட இன்னும் உடையவில்லை.

அக்கா வாசலில் நின்று முந்தானையைப் பிசைந்தா.

“கோவிச்சுப்போடாத புள்ள. உனக்கு உதவியா இருக்கட்டும் எண்டுதான் வாங்கினன். இடக்கையால குழைச்சது எண்டு நினைச்சா தொண்டையால இறங்குதில்ல.”

கோபம் வரவில்லை என்றால் பொய். வீட்டுக்கு வந்து மாச்சட்டியைத் தள்ளிவிட்டு அழுதேன். அழுது முடிய, யோசிக்கத் தொடங்கினேன். சின்ன வயதில் இடக்கையால் எதையாவது நீட்டினால் எனக்கும் அடி விழுந்திருக்கிறது. கழுவுகிற கை வேறு, கொடுக்கிற கை வேறு என்றுதான் நானும் வளர்ந்தேன். இரண்டு கை இருந்த காலத்தில் ஒருத்தி இடக்கையால் குழைத்துத் தந்திருந்தால் நானும் வாங்கிக் கோழிக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் ஒரே ஒரு கை மிஞ்சியவளுக்கு அதை இடக்கை என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அண்ணா எப்போது வந்தாலும் “இப்பதான் சாப்பிட்டுட்டு வாறன்” என்று தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்வார்.

சரி, கை படாத பண்டம் எது? அப்பம். மாவை அகப்பையால் அள்ளலாம், சட்டியைச் சுழற்றலாம், கரண்டியால் கிளப்பலாம். அடுப்பைப் பின்பக்கத்திலிருந்து தூக்கி வீட்டு முன்னால், ஆட்கள் போய்வரும் ஒழுங்கைக்கு நேரே வைத்தேன். ஒற்றைக் கையை எப்படிக் கழுவுவது என்று ஊருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கும் போல. பலகை ஒன்றில் தேங்காய்த் தும்பை ஆணியால் அறைந்து, அதில் சவுக்காரம் பூசி, எல்லாரும் பார்க்கக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன். முழங்கை வரைக்கும் நுரை.

வேடிக்கை பார்க்கத்தான் முதலில் வந்தார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, நான் ஒரு கையால் சட்டியைத் தூக்கிச் சுழற்றுவதை வாய் பார்த்தார். மா கரையேறி முறுகும் மணம் வந்த பிறகு சும்மா போக அவரால் முடியவில்லை. அப்பத்தை நான் நீட்டவில்லை. சுளகில் வைத்தேன், அவரே எடுத்தார். தின்றுவிட்டு, “சம்பலுக்குப் புளி காணாது, தங்கச்சி” என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகளுக்குப் பட்டினிதான். அக்கா இப்போது அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போவா. அண்ணா மட்டும் எப்போது வந்தாலும் “இப்பதான் சாப்பிட்டன்” என்பார். றங்குப்பெட்டி மூலையிலேயே கிடந்தது.

சித்திரை வருசம் வந்தது. வருசத்துக்குக் கைவிசேஷம் தருவது எங்கள் குடும்பத்தில் அண்ணாதான். வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துத் தருவார். தருகிறவரின் கைராசி ஆண்டு முழுக்க நம்மோடு வரும் என்பார்கள். என் வலக்கை போனதிலிருந்து எனக்குரியதைத் தட்டில் வைத்துவிடுவார், நான் எடுத்துக்கொள்வேன்.

அன்று விடியற்காலை வெள்ளாப்பிலேயே வந்துவிட்டார். முற்றத்தில் நின்று, நான் அப்பம் சுடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பெட்டியைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக இருந்தேன். நல்ல நேரம் வந்ததும் மகளுக்குக் கைவிசேஷம் கொடுத்தார். பிறகு வெற்றிலையையும் நெல்லையும் காசையும் என் முன்னால் வைத்தார்.

“இந்த முற நீ எனக்குத் தா” என்று இரண்டு கையையும் ஏந்தினார்.

இடக்கையால்தான் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சுளகிலிருந்த அப்பம் ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டார். போகும்போது வாசலில் நின்று மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பெட்டி சும்மாதானே கிடக்கு, புள்ள. அரிசிமாவப் போட்டு வை. எலி தொடாது.”